என் ஒயர் கூடையில் பன்னிரண்டு போன்

செல்வின் ராசாவுக்கு அம்மா எழுதுவது. இதைப் படிக்கும்போது கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுப் படி. போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நீ ஒரு கண்ணை அந்தத் திரையிலேயே வைத்துக்கொண்டு "ம்ம், சொல்லும்மா" என்பாய். உன் குரலில் இருக்கிற சந்தோஷத்தைக் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிடுவேன். இந்த மூன்று வாரத்தில் எத்தனையோ தடவை அப்படி ஆகிப்போச்சு. அதனால்தான் நிவேதா போன லீவுக்கு வந்தபோது பாதி கிறுக்கிவிட்டுப் போன நோட்டில், அவள் விட்ட பக்கங்களில் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் எழுத்து, வரி மேலும் கீழும் போகும், பொறுத்துக்கொள். பக்கத்து வீட்டு மாரீஸ்வரி சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பித் தருவாள். எனக்கு முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோழிகள் சுகம். பேத்தி விட்டுப் போன பென்சில் டப்பா பத்திரமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்.

வியாழக்கிழமை சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிக்காரர்களைக் கூட்டி வைத்து, நீ செய்த ஆப்பைக் காட்டப் போகிறாய். அவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டால், அடுத்த வாரத்தில் இருந்து வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் எல்லாம், காலையில் போனில் "வருகையை உறுதி செய்க" என்ற பொத்தானை அமுக்கியவர்களுக்குத்தான் கம்பெனி வண்டியில் இடம். அமுக்காதவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. இதை என்னிடம் எம்புட்டுப் பெருமையாகச் சொன்னாய். "நம்ம ஊர்ல பன்னெண்டு பேருக்குக் குடுத்துப் பாத்தோம்மா. மூணு வாரமா ஒரு நாள் விடாம பன்னெண்டு பேரும் அமுக்குறாங்க. ஆபீஸ்ல யாரும் நம்பவே இல்ல." நானும், "உன் உழைப்பு வீண்போகுமாய்யா" என்று சொல்லி வைத்தேன். ராசா, அந்தப் பன்னிரண்டு பேரும் நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். கம்பெனிக்குள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று உனக்குத் தெரியும். கேட்டில் கொடுத்தால் வாட்ச்மேன் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு வைப்பார். சாயங்காலம் அவள் போன் இவளுக்கும் இவள் போன் அவளுக்குமாக மாறிப்போய், ஒருத்தி வீட்டுச் சண்டை இன்னொருத்தி காதில் விழும். அதனால் ரொம்ப நாளாகவே நம்ம ஊர்ப் பெண்கள் வண்டி ஏறுகிற இடத்தில் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் வேலையில் இருந்து நின்ற பிறகும், வண்டிக்கு ஆள் சேர்த்து ஏற்றிவிடுகிற வேலை என்னிடம்தானே இருக்கு. என் பச்சை ஒயர் கூடையில் போன்களை அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பானை மேல் வைத்துவிடுவேன். பகலெல்லாம் ஒன்று மாற்றி ஒன்று பாடும். நீ இதைப் பார்த்ததில்லை. நீ உன் ஆபீஸ் பிள்ளைகள் இரண்டு பேரோடு வந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வண்டியும் கிடையாது, கூடையும் கிடையாது.

இப்போது தினமும் காலையில் நடப்பது இதுதான். அவர்கள் போனை நீட்டுவார்கள். நான் வாங்கி, சத்தத்தை அமத்தி, உன் ஆப்பைத் திறந்து, அந்தப் பொத்தானை அமுக்கி, கூடையில் போடுவேன். பன்னிரண்டு தடவை. மெட்ராஸில் உன் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு பச்சைப் புள்ளி வரும், நீ சந்தோஷப்படுவாய். நீ சந்தோஷப்படுகிறாய் என்பதற்காகவே மறுநாளும் அமுக்குவேன்.

இதற்கும் முந்தின தப்பு ஒன்று இருக்கு. நீ வருவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, சாத்தூர் காராச்சேவு ரெண்டு கிலோ வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "என் மகன் மெட்ராஸ்ல இருந்து வாரான். கூட ஆபீஸ்காரவுகளும் வாராக. அவன் செஞ்சதக் காட்டி எப்படி இருக்குன்னு கேப்பான். நல்லா இருக்குன்னு சொல்லுங்க. முகத்தைச் சுளிச்சிராதீக" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கையில் வைத்தேன். மாரீஸ்வரி சேவை வாயில் போட்டுக்கொண்டே, "பெரியம்மா, நல்லா இல்லாட்டி?" என்று கேட்டாள். "நல்லா இல்லாட்டியும்தாண்டி" என்றேன். "அப்ப இன்னொரு பொட்டலம் குடுங்க" என்று கையை நீட்டினாள். பாக்கியம் மட்டும் பொட்டலத்தைத் திருப்பி என் மடியிலேயே வைத்துவிட்டு, "மதினி, உங்க மகன் எனக்கு மகன் இல்லையா? இதுக்கு எதுக்குச் சேவு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு அப்போது இனித்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கு. அவர்கள் உண்மை சொல்ல விரும்பினால்கூடச் சொல்ல முடியாதபடி நான் அவர்கள் வாயைச் சேவு போட்டு அடைத்துவிட்டேன்.

மறுநாள் நீ நம்ம வீட்டு முற்றத்தில் பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டாய். எல்லோரும் "நல்லா இருக்கு தம்பி", "ரொம்ப வசதியா இருக்கு தம்பி" என்றார்கள். உன்னோடு வந்த அந்தப் பெண் பிள்ளை சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். நான் அடுக்களை வாசலில் நின்று பெருமையில் வீங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்.

நீ நாலாவது படிக்கும்போது உனக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தக்காளிச் சோறு கொடுத்துவிடுவேன், நினைவிருக்கா? வண்டிக்கு நேரமாகிவிடும், அதுதான் சீக்கிரம் ஆகும். வாசனைக்கு என்று சோம்பை அள்ளிப் போடுவேன். சாயங்காலம் டப்பா காலியாக வரும். "எப்படி இருந்துச்சு ராசா?" என்பேன். "நல்லா இருந்துச்சும்மா" என்பாய். ஒரு வருஷம் பூராவும் இந்தப் பேச்சுத்தான். ஒரு நாள் வண்டி வரவில்லை, வேலை இல்லை. நீ மறந்துவிட்டுப் போன கணக்கு நோட்டைக் கொடுக்க மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வேப்பமரத்துக்கு அடியில் நீ ஒவ்வொரு சோம்பாகப் பொறுக்கித் தரையில் போட்டுக்கொண்டிருந்தாய். நாலு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருந்த பையனுக்குத் தள்ளினாய். நான் உன்னைக் கூப்பிடாமலேயே நோட்டை டீச்சரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. என் பிள்ளை பொய் சொல்லுகிறவன் இல்லை. வெயிலிலும் வெடிமருந்து நெடியிலும் கிடந்து வந்தவளிடம் சோறு நல்லா இல்லை என்று சொல்ல உனக்கு மனசு வரவில்லை. ஒரு வருஷமாக நான் கேட்டுத் தெரியாததை, மரத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றதில் தெரிந்துகொண்டேன். மறுநாளில் இருந்து சோம்பு போடவில்லை. நீயும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. டப்பா மட்டும் நிஜமாகவே காலியாக வந்தது.

அதைத் தெரிந்து வைத்திருந்தவள்தான் உன் விஷயத்தில் இப்படிச் செய்தேன். பெருமை வந்தால் மூளை வேலை செய்யாது போலிருக்கு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன் ஆப்பில் அந்தப் பொத்தானை அமுக்கியதும் திரை முழுக்க வாணம் வெடிக்கிற மாதிரி வைத்திருக்கிறாயே, படார் படார் என்ற சத்தத்தோடு. ஞாயிற்றுக்கிழமை உன் போனில் அதைக் காட்டியபோது பாக்கியம் முந்தானையை வாயில் வைத்தாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து நீயும் சிரித்தாய். ராசா, அவள் சிரிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வெடிமருந்து கலக்குகிற ரூமில் நடந்த விபத்தில் அவள் தங்கச்சி போனாள். அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்த பாக்கியம், படுத்த இடத்தில் இருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டவள். நீ முந்தானையைப் பார்த்தாய், அவள் கண்ணைப் பார்க்கவில்லை, உடனே திரைக்குத் திரும்பிவிட்டாய். நான் அவள் கண்ணையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, ஆறு மணிக்கு எல்லோரும் ரோட்டில் கூடினோம். "அமுக்குங்கடி, என் மகன் பாத்துக்கிட்டு இருப்பான்" என்று நான்தான் விரட்டினேன். முதலில் மாரீஸ்வரி அமுக்கினாள். அவள் வெடி முடிவதற்குள் அடுத்தவள், அதற்குள் அடுத்தவள். பன்னிரண்டு போனும் சரவெடி கொளுத்தின மாதிரி அந்த அமைதியான நேரத்தில் ரோட்டில் வெடித்தது. எதிர்த்த வீட்டுக் கதவு திறந்தது. பால் கறந்துகொண்டிருந்தவர் செம்போடு ஓடி வந்தார். மாடியில் படுத்திருந்த யாரோ எழுந்து நின்று, "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் பொகை தெரியுது?" என்று கத்தினார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, போனு, போனு" என்று மாரீஸ்வரி கையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம் மட்டும் மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தூக்குவாளியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அது பிள்ளைக விளையாட்டு மாதிரி வச்சிருக்கான்டி" என்றேன். அவள் நிமிராமல், "தம்பி நல்ல பிள்ளைதான் மதினி. நான் அத ஒண்ணும் சொல்லல. ஆனா தெனமும் வீட்ட விட்டுக் கெளம்புறப்ப வெடிச்சுக் காட்டித்தான் அனுப்பணுமா?" என்றாள்.

மறுநாள் ஒருத்தியும் ஆப்பைத் திறக்கவில்லை, போனை மட்டும் நீட்டினார்கள். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மாரீஸ்வரியிடம் சத்தத்தை எப்படி அமத்துவது என்று கேட்டுக்கொண்டு நானே அமுக்க ஆரம்பித்தேன். திரையில் அந்த வெளிச்சம் வரும்போது நான்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறேன் ராசா. இருபத்தாறு வருஷம் திரி வைத்த கை இது, ஆனாலும் மூடிக்கொள்கிறேன்.

நீ ஏன் அதை வைத்தாய் என்று எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு நீ போனில் அதைப் போட்டுக் காட்டியபோது நிவேதா குதித்துக் குதித்துக் கைதட்டினாள். உன் பிள்ளை சிரித்ததைப் பார்த்து, எல்லோரும் சிரிப்பார்கள் என்று வைத்துவிட்டாய். மெட்ராஸில் சத்தம் கேட்டால் தீபாவளி, இல்லையென்றால் யாரோ ஜெயித்திருக்கிறார்கள். அது அந்த ஊர் வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் நீ அந்த ஊரில் பிறந்தவன் இல்லையே. நீ ஆறாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் கம்பெனிப் பக்கம் சத்தம் கேட்டு, பள்ளிக்கூடத்தில் இருந்து செருப்பில்லாமல் ரெண்டு மைல் ஓடி வந்தாய். நல்லவேளை, அது எங்கள் கம்பெனி இல்லை, அங்கேயும் ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருத்தியிடமும், "எங்கம்மாவப் பாத்தீகளா, எங்கம்மாவப் பாத்தீகளா" என்று கேட்டாயாம். நான் வெளியே வந்ததும் கட்டிப்பிடித்தாய். என் கையில் இருந்த, வெடியில் சேர்க்கிற வெள்ளிப்பொடி உன் சட்டை முதுகெல்லாம் ஒட்டி, எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. அப்படி ஓடி வந்த காலுக்கு இது மறந்துபோச்சே என்று எனக்குக் கோபம் இல்லை. மறக்கிற மாதிரி ஒரு இடத்தில் என் பிள்ளை இருக்கிறான் என்று ஒரு பக்கம் நிம்மதிதான். ஆனால் இங்கே இருக்கிறவர்களுக்குச் செய்யும்போது அதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதே. இந்த ஆப்பை நீ யாரை நினைத்துச் செய்தாய் என்றும் எனக்குத் தெரியும். சின்ன வயதில், நான் வண்டிக்காக ரோட்டில் நின்று நின்று, வண்டி வராமல் தூக்குவாளியோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறாய். அதனால்தான் வண்டி எங்கே வருகிறது என்று படம் போட்டு, அது நகர்வது தெரிகிற மாதிரி எல்லாம் செய்திருக்கிறாய். அந்தப் படத்தை நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஆனால் ராசா, இப்போது அந்த ரோட்டில் நிற்பது நான் இல்லை. அவர்கள் கஷ்டம் வேறு.

அந்த வெடிச் சத்தத்துக்குப் பிறகு நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். முந்தாநாள் காலையில் மாரீஸ்வரி உன் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "வண்டி எங்க வருதுன்னு இதுல பாக்கணுமாக்கும். கண்மாய்க் கரை திரும்புறப்பவே டிரைவர் ஹாரன் அடிச்சு ஊரையே எழுப்பிருவான்." பக்கத்தில் இருந்தவள், "அத விடுடி. இன்னைக்கு வேலை உண்டான்னு காலைல சொல்லி என்ன புண்ணியம்? நேத்துச் சாயங்காலமே சொல்லியிருந்தா மக்காச்சோளக் களையெடுப்புக்கு வாரேன்னு ஒத்துக்கிட்டு இருப்பேன்ல. இப்ப இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல" என்றாள். மழை மேகம் பார்த்தாலோ, ஆபீசர்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்றாலோ கம்பெனியை மூடுவது முந்தின நாளே கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். இந்தப் பெண்களுக்கு மட்டும் விடிந்த பிறகுதான் தெரியும். அதற்குள் நாலு மணிக்கே எழுந்து சோறாக்கி, பிள்ளைகளுக்குக் கட்டி வைத்து, தலை சீவிக் கிளம்பி வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வண்டியின் படம் இல்லை, சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை. நாளைக்கு உண்டு, அல்லது இல்லை. அதையும் அவர்கள் பேசுகிற மாதிரி எழுது. "வருகையை உறுதி செய்க" என்பதைப் படித்துவிட்டு மாரீஸ்வரி என்னிடம், "என்ன பெரியம்மா, கல்யாணப் பத்திரிகையா வச்சிருக்காக?" என்று கேட்டாள். வாரேன், வரல. அம்புட்டுத்தான் எங்களுக்கு வேண்டியது.

உங்கப்பா இருந்திருந்தால் இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருந்திருக்காது. அவர் கம்பெனிக்குக் கட்டை செய்து கொடுக்கிற ஆசாரியாக வந்தவர் என்பது உனக்குத் தெரியும். நான் அவரை ஏன் கட்டிக்கொண்டேன் என்பதை உனக்குச் சொன்னதில்லை. அப்போது வெடியைச் சரமாகப் பின்னுவதற்கு ஆளுக்கு ஒரு மரக்கட்டை கொடுப்பார்கள். நூல் மாட்டுகிற முளை வலது பக்கத்தில் இருக்கும். பாக்கியம் புதிதாக வேலைக்கு வந்தவள், இடது கைக்காரி. எல்லோரும் நாலு பின்னினால் அவள் ரெண்டு பின்னுவாள், ஃபோர்மேனிடம் தினமும் வசவு. "கையை மாத்திப் பழகு" என்பதுதான் எல்லோரும் சொன்ன புத்தி. நானும்தான் சொன்னேன். உங்கப்பா கட்டை பழுது பார்க்க வந்தவர், ஒரு ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன கஷ்டம் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பயத்தில், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். மத்தியானம் வரைக்கும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் என்ன இப்படிப் பார்க்கிறான் என்று எங்களுக்குள்ளே கிசுகிசு வேறு. அடுத்த நாள் புதுக்கட்டை ஒன்று கொண்டுவந்தார். முளை இடது பக்கம். பட்டாசு ரூமுக்குள் இரும்பு ஆணி கூடாது என்று, அதையும் மரத்திலேயே செதுக்கி வைத்திருந்தார். அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே அவள் என்னைவிடக் கூடப் பின்னினாள். எனக்கு அவள் மேல் பொறாமை, அவர் மேல் வேறு என்னமோ. பாக்கியம்தான் போய் அவரிடம், "எங்க மதினிக்கும் ஒரு கட்டை வேணுமாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு விளையாட்டாகச் சொன்ன அந்த மதினிதான் நிலைத்துப்போச்சு, நீயும் அவளுக்கு மகன் மாதிரி ஆகிவிட்டாய்.

நீ அவர் மகன். அவருக்கு வந்தது உனக்கும் வரும். உனக்குப் படிப்பு இருக்கு, பேச்சு இருக்கு, அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறாய். அவருக்குப் பேச்சு வராது, அதனால் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கடுதாசியை எழுத வைத்தது நீ நேற்றுப் போனில் சொன்ன ஒரு சொல். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் இதே ஆப்பைக் கொடுத்தீர்களாம், அங்கே நாலு பேர்கூட அமுக்கவில்லையாம். "நம்ம ஊர்ல முடியுது, அவங்களுக்கு ஏன்மா முடியல? கத்துக்கணும்னு ஆர்வமே இல்ல. ஒரு நாள் கிளாஸ் எடுத்தா சரியாயிரும். வண்டியில இடம் இல்லன்னா தானா அமுக்குவாங்க" என்றாய். அந்த ஆமத்தூர்ப் பெண்கள்தான் உனக்கு உண்மை சொன்னவர்கள் ராசா. அவர்கள் ஊரில் ஆப் செய்தவனுடைய அம்மா இல்லை, சேவு இல்லை, கூடை இல்லை. அதனால் பிடிக்காததைப் பிடிக்காத மாதிரியே விட்டார்கள். அவர்களை நீ சோம்பேறி என்று நினைப்பதற்கு நான் காரணமாகிவிட்டேன். வியாழக்கிழமை என் பொய்யைத்தான் நீ கம்பெனிக்காரர்கள் முன்னால் வைக்கப் போகிறாய். அடுத்த வாரம் ரோட்டில் வண்டி நிற்கும், ஏறப் போவாள் பாக்கியம், போனில் அமுக்கவில்லை என்று இறக்கிவிடுவார்கள். உங்கப்பா அவளுக்காகக் கட்டையைத் திருப்பினார். நீ அவளைத் திரும்ப ரோட்டில் நிறுத்திவிடாதே.

நாளைக்குக் காலையில் நான் போன்களை வாங்கி அப்படியே கூடையில் போட்டுவிடப் போகிறேன். ஒன்றையும் அமுக்க மாட்டேன். உன் கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளியும் வராது. டவர் இல்லை, ஏதோ பழுது என்று நினைத்துப் பதறாதே. பன்னிரண்டு பேரும் முதல் தடவையாக உன்னிடம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள். ஆபீஸில் உன்னை என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமையைத் தள்ளிவைக்க வேண்டி வரும். தலைகுனிவாக இருக்கும். எங்கம்மா கெடுத்துவிட்டாள் என்று என் பேரைச் சொல்லிவிடு. பொய் இல்லையே.

பிறகு ஒரு நாள் வா. ஞாயிற்றுக்கிழமை வராதே, வேலைநாளில் வா. வருகிறேன் என்று எனக்கும் சொல்லாதே, சொன்னால் நான் மறுபடியும் சேவு வாங்கப் போய்விடுவேன். நல்ல சட்டை போடாமல், அந்தப் பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, ஆறு மணிக்கு அந்த மைல்கல் பக்கத்தில் சும்மா நில். போன் எந்தக் கையில் இருக்கு, தூக்குவாளி எந்தக் கையில் இருக்கு, ஈரக் கையை எதில் துடைக்கிறார்கள், யார் எழுத்தைப் படிக்கிறார்கள், யார் பக்கத்தில் இருக்கிறவளைப் படிக்கச் சொல்கிறார்கள் என்று பார். எப்படி இருக்கு என்று மட்டும் யாரிடமும் கேட்காதே. கேட்டே ஆக வேண்டுமென்றால், கடைசியாக வேலை இல்லை என்று திரும்பிப் போன அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேள். அதற்கு, உன் மனசு நோகக் கூடாதே என்று யாராலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட முடியாது. நான் அன்றைக்கு ரோட்டுக்கு வர மாட்டேன். கூடையை மாரீஸ்வரியிடம் கொடுத்துவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்வேன். நான் நின்றால் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நானும் உன் முகத்தைப் பார்ப்பேன். பாக்கியம் ஏதாவது கடுமையாகச் சொன்னாலும் நின்று கேட்டுக்கொள். அவள் சொல்ல மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். அவள் கையைப் பார்த்தால் போதும்.

வண்டி போன பிறகு வீட்டுக்கு வா. நிவேதாவுக்குப் பனங்கற்கண்டு எடுத்து வைத்திருக்கிறேன், அதை வாங்கிக்கொள். உனக்குத் தக்காளிச் சோறு செய்து வைக்கிறேன், சோம்பு போடாமல். நல்லா இருக்கா என்று கேட்க மாட்டேன். தட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா